கப்பல் டேங்க் லெவல் சென்சார்: கழற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நாகப்பட்டினத்தில் விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் முன் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் எலக்ட்ரிக்கல் வேலைக்குப் புதிதாகப் போகும் நம் டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் குச்சியைப் பற்றித்தான். கப்பலில் அதற்குப் பெயர் சவுண்டிங் நாடா.

திரையில் டேங்க் அளவு தப்பு என்று கூப்பிட்டால் ஸ்பேனரோடு ஓடாதீர்கள். டேங்க் அடிவரை போகும் சவுண்டிங் பைப்பில் நாடாவை இறக்கி உண்மையான உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் பின்பக்கம் தாழ்ந்திருந்தால், பைப் இருக்கும் இடத்து உயரமும் சென்சார் இருக்கும் இடத்து உயரமும் ஒன்றாக இருக்காது. சவுண்டிங் அட்டவணையில் டிரிம் திருத்தத்தை, அதாவது கப்பலின் முன்பின் சாய்வுக்கான திருத்தத்தை, பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். முடிந்தால் டேங்கில் அளவு ஏறிய பிறகு இன்னொரு முறையும் அளந்துவிடுங்கள். இரண்டு அளவு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எப்படி என்கிறீர்களா? திரைக்கும் நாடாவுக்கும் எப்போதும் ஒரே 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் சென்சார் பெரும்பாலும் நல்லதுதான். அது டேங்க் தரையிலிருந்து அவ்வளவு மேலே பொருத்தப்பட்டிருக்கும், அந்தக் கணக்கு சேர்க்கப்படாமல் இருக்கும். உயரம் ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறதா? திரைக் கணக்கில் கொடுத்திருக்கும் அடர்த்தி எண்ணைப் பாருங்கள். அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு உயரம் தெரியாது, எடைதான் தெரியும். நல்ல தண்ணீர்க் கணக்கில் 2.5 மீட்டர் என்று அது காட்டும் அதே அழுத்தம், 0.85 அடர்த்தியுள்ள டீசலில் சுமார் 2.94 மீட்டர், 1.025 அடர்த்தியுள்ள கடல்நீரில் சுமார் 2.44 மீட்டர்.

அளவு அசையாமல் நின்றால் முகப்பில் சேறு அடைத்திருக்கலாம். ஆற்று முகத்துவாரத்தில் பாலாஸ்ட் (கப்பலை நிலையாக வைக்க ஏற்றும் தண்ணீர்) எடுத்த ஒரு கப்பலில் நானே இப்படிப் பார்த்தேன். சென்சார் முகத்தில் வண்டல் அப்பிக் கிடந்தது, கழுவியதும் சரியானது. ஆனால் கழுவுகிறேன் என்று கூரான எதையும் வைத்துச் சுரண்டாதீர்கள், அந்தத் தகடு மிக மெல்லியது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்தச் சென்சார் கேபிளுக்குள், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கிலிருந்து கழிக்க ஒரு மெல்லிய காற்றுக்குழாய் உண்டு. அது அடைத்துவிட்டால் வானிலையும் கணக்கில் சேர்ந்துவிடும். நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாழ்வழுத்தம் வந்து காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், டேங்கைத் தொடாமலே அளவு சுமார் 10 சென்டிமீட்டர் குறைந்து காட்டும். வானம் தெளிந்ததும் திரும்பி வரும். கேபிள் வந்து சேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். சென்சார் அனுப்பும் மின்னோட்டத்தை அளக்க, அதை வயரில் தொடர் இணைப்பாக வையுங்கள். 4 மில்லியாம்ப் என்றால் காலி, 20 என்றால் முழுசு, 12 என்றால் சரிபாதி. பூஜ்யம் காட்டினால் வயர் அறுந்திருக்கும், அல்லது 24 வோல்ட் வரவில்லை. 21க்கு மேல் போனால் ஷார்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலிருந்து கேலிபிரேட்டரால் (சோதனை மின்னோட்டம் அனுப்பும் கருவி) 4, 12, 20 மில்லியாம்ப் அனுப்புங்கள். திரை சரியாகக் காட்டினால் கோளாறு டேங்க் பக்கம்தான். எண்ணெய் டேங்க் பக்கம் சாதாரண மீட்டர் கூடாது, வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்றது வேண்டும்.

டேங்குக்குள் இறங்க வேண்டியிருந்தால், அனுமதிச் சீட்டு இல்லாமல் தலையைக்கூட உள்ளே விடாதீர்கள். வெறும் பாலாஸ்ட் டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். துருவே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் மீட்டரில் 20.9 சதவீதம் பார்த்து, வாசலில் ஆள் நின்ற பிறகே இறங்குங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

டேங்க் நிரம்பப் போனால் அலாரம் அடிக்கும் மிதவை ஸ்விட்சின் சோதனை எளிது. சோதனைக் கைப்பிடியால் மிதவையைத் தூக்கிச் சில நொடிகள் பிடியுங்கள். அலையில் சும்மா கத்தாமல் இருக்க அலாரம் தாமதமாகத்தான் வரும். சில டேங்குகளில் அந்த அலாரம் வந்தால் பம்பும் நின்றுவிடும், அதனால் தூக்கும் முன் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடுங்கள்.