புறவாசலில் கிடக்கும் துப்பு: நாஞ்சில் நாட்டுத் துப்பறியும் பெண்ணை எழுதுவது எப்படி?

வரலாற்றுக் கொலைக்கதை எழுத உட்காரும் பலரும் முதலில் நாயகியின் வாயைத்தான் எழுதுகிறார்கள். வெடுக்கென்று பேசுவாள், யாருக்கும் அஞ்சமாட்டாள், பெரியவர்களை எதிர்த்துக் கேட்பாள். நான்கு பக்கம் போனதும் கதை நின்றுவிடும். நானும் அப்படித் தொடங்கி இரண்டு முறை பாதியில் விட்டேன். அவளை எந்த வாசலில் தடுத்து நிறுத்துவார்கள் என்று முடிவு செய்த பிறகுதான் என் கதை நகர்ந்தது. அந்த வழியை ஒரே உதாரணத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். ஊர் நாஞ்சில் நாட்டுத் தாழக்குடி. பெண்ணின் பெயர் பகவதி, வயது பத்தொன்பது.

படி 1: ஆண்டை முடிவு செய்யுங்கள்

"அந்தக் காலத்தில்" என்று தொடங்கினால் கொலைக்குக் காரணம் கிடைக்காது. ஆண்டு வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 1925. அப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. சேது லட்சுமிபாய் மகாராணி சிறுவயது மன்னருக்காக ரீஜெண்டாக ஆட்சி செய்த காலம். அரசுக் காகிதத்தில் கொல்லம் ஆண்டு எழுதுவார்கள். 1925 ஆவணியில் 1101 பிறந்துவிட்டது. காசு என்றால் சக்கரம், பணம்: நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்.

படி 2: கொலைக்கான காரணத்தை அந்த ஆண்டிலேயே தேடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள், கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அன்று மருமக்கள்வழி. காரணவர், அதாவது குடும்பத் தலைவர், இறந்தால் சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கும் மனைவிக்கும் உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். வெளியூர் வாசகர் உடனே மகனைச் சந்தேகிப்பார். நம் ஊர்க்காரர் மருமகனை, அதாவது அக்கா தங்கை மகனை, சந்தேகிப்பார். இரண்டு சந்தேகத்தையும் கதையில் வளரவிடுங்கள்.

இனி ஆண்டைப் பாருங்கள். மனைவி மக்களுக்கு உரிமை கொடுத்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926இல். அதற்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொரு பெரிய வீட்டிலும் இதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். சட்டம் வந்தால் மருமகனுக்கு இழப்பு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாகம் வைக்க வேண்டுமென்றால் பழைய கணக்கு முழுவதையும் விரிக்க வேண்டுமே! இருபது வருஷமாகப் பாட்ட (குத்தகை) நெல்லில் கை வைத்துவந்த கணக்கப்பிள்ளை என்ன ஆவார்? "கும்பப்பூ அறுவடைக்குள்ள கணக்கைத் தீர்த்துடணும்" என்று காரணவர் ஒருநாள் திண்ணையில் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், கொலைகாரனும் கிடைத்துவிட்டான், அவனுக்கு ஒரு கெடுவும் கிடைத்துவிட்டது.

படி 3: அவளுக்கு ஒரு தொழிலைக் கொடுங்கள்

அவளை இன்ஸ்பெக்டரின் மகளாக்க வேண்டாம். விடை அப்பாவின் மேசையிலிருந்தே வந்துவிடும். பகவதி ஒரு வர்ம ஆசானின் பேத்தி; உடம்பின் உயிர்நிலைகளான வர்மப் புள்ளிகளை அறிந்த வைத்தியர் அவர். பாட்டாவுக்குக் கண் மங்கிவிட்டது, விரலும் மரத்துவிட்டது. அதனால் நாடி பார்க்கும்போது அவர் விரலுக்குப் பக்கத்தில் இவள் விரலும் இருக்கும். எண்ணெய் காய்ச்சுவாள், மருந்து இடிப்பாள். ஊரில் பல வீடுகளுக்கும் போய்வருவாள்.

ஆனால் எதுவரை போவாள்? அவள் சாதி என்ன என்பதை மழுப்பாமல் முடிவு செய்யுங்கள். 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை சுசீந்திரம் கோயிலுக்குள் போகமுடியாதவர்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். வைத்தியம் என்றதும் நோயாளி கிடக்கும் திண்ணைவரை பகவதியை விடுவார்கள், அடுக்களைக்குள் விடமாட்டார்கள். அவள் புறவாசலில், வாழை மூட்டுப் பக்கம் நிற்க வேண்டும்.

துப்பை அங்கேயே போடுங்கள். அவளை எங்கே தடுக்கிறார்களோ அங்கேதான் அது கிடக்க வேண்டும்.

படி 4: சாவை அருகில் போய்ப் பாருங்கள்

வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொல்கின்றன. ஆசான் வீட்டுப் பெண் என்றதும் வர்ம அடியால் கொலை என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். வாசகரால் சரிபார்க்க முடியாத கொலை அவரை ஏமாற்றுவதாகும். எல்லோருக்கும் தெரிந்த அரளியே போதும். அளவும் பக்குவமும் மட்டும் எழுதாதீர்கள், கதைக்கு அவை தேவையே இல்லை.

காரணவருக்கு இருமல். தினமும் அந்திக்கு ஆடாதோடைக் கஷாயம். கசப்பு நாக்குக்குப் பழகிவிட்டதால் இன்னொரு கசப்பு தெரியாது. அவர் குடித்த உடனே சுருண்டு விழுவதாக எழுதாதீர்கள். வயிற்றுவலி, வாந்தி என்று சில மணி நேரம் போகும். அந்த நேரத்தில் கணக்கப்பிள்ளை "வாந்திபேதி" என்று ஒரு சொல்லை வீட்டுக்குள் போட்டுவிடுகிறார். அன்றைய ஊருக்கு அந்த ஒரு சொல் போதும். கிட்டே போகப் பயந்து, பொழுது விடியுமுன் எரித்துவிடுவார்கள்.

பகவதியின் விரல் நாடியில் இருக்கிறது.

"பாட்டா, வாந்திபேதிக்கு நாடி நூல்போல மெலிஞ்சு ஓடும்னு சொல்லுவியளே. இது என்னா, நின்னு நின்னு விழுது?"

பாட்டா பதில் சொல்லவில்லை. முதல் துப்பு இது. இரண்டாவது, மறுநாள் காலை புறவாசலில் உருளி (கஷாயம் காய்ச்சிய பாத்திரம்) கழுவிக் கொட்டிய சக்கையில் கிடக்கிறது. ஆடாதோடை இலை அகலமானது. இவள் கையில் ஒட்டிய துண்டோ ஒடுங்கியது, தடித்தது. நடுநரம்பு முட்டிக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் சீப்புப் பல்போல நெருக்கமாகச் சிறு நரம்புகள். கோயில் நந்தவனத்து வேலிக்கு வெளியே நின்று தினமும் பார்க்கிற அரளி இலைதான். அந்தக் கஷாயத்துக்கு இலை இடித்துக் கொடுத்தது இவளே என்பதால் பழி முதலில் இவள் தலையில் விழும். இனி அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

படி 5: காலத்தைச் சரிபாருங்கள்

இது சுருக்கமான வேலை. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல், யாரையும் ரயிலேற்றிவிடாதீர்கள். குமரிக் கடலில் விவேகானந்தர் மண்டபம் 1970இல், வள்ளுவர் சிலை 2000இல். கடிதம் திருவிதாங்கூர் அஞ்சலில் வந்ததா, பிரிட்டிஷ் தபாலில் வந்ததா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருநெல்வேலி, அது வேறு அரசாங்கம். தப்பி ஓடுகிறவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம். அப்புறம் மழை: நமக்கு ஆனி ஆடியிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. மண்ணில் கால்தடம் வைக்குமுன் மாதத்தைப் பாருங்கள்.

படி 6: கடைசிக் காட்சியில் யார் பேசுவது?

பகவதியால் யாரையும் பிடித்துக் கட்ட முடியாது. படிப்புரையில் (வாசல் திண்ணையில்) பார்வத்தியக்காரர் என்ற கிராம அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். அவள் முற்றத்துக்கு வெளியே நின்று ஒரே கேள்வி கேட்கட்டும்: "வாந்திபேதின்னு முதல்ல சொன்னது யாரு?" நீண்ட விளக்கத்தை அவள் வாயில் வைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் அடுக்களைப் பெண்கள் நிற்கிறார்கள். அன்றிரவு உருளியை இறக்கியவள், விளக்குப் பிடித்தவள், கணக்கப்பிள்ளை தண்ணீர் கேட்டு உள்ளே வந்ததைப் பார்த்தவள். யாருமே அவர்களிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. முதலில் வயதானவள் பேசட்டும்.