மலையகத் தேயிலைத் தோட்டத்தில் காப்புறுதி விற்கும் முகவருக்கு: படிவம் நிரப்புவதற்கு முன்

முதலில் கேட்க வேண்டியது சம்பளச் சீட்டு. கொழுந்து கூடிய மாதத்துச் சீட்டு வேண்டாம், வறட்சி மாதத்துச் சீட்டைக் கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச்; பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆகஸ்ட், செப்டெம்பர். அந்த மாதங்களில் பேர் (சம்பளத்துக்குக் கணக்கில் வரும் வேலை நாள்) குறையும், ஆனால் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடைக்கடன், நுண்கடன் எதுவும் குறையாது. இவை போகக் கையில் மிஞ்சும் காசுக்குள் கட்டுப்பணம் (காப்புறுதிக்குக் கட்டும் தவணைப் பணம்) அடங்க வேண்டும். மாதம் 3,000 ரூபா சிறிதாகத் தெரியும். வருடத்துக்கு அது 36,000. இந்தக் கணக்கை வீட்டுக்காரர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

அதிகம் விற்கப்படுவது சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்புறுதி. முகவருக்கு முதல் வருடத்தில்தான் கமிஷன் கூடுதல், வாடிக்கையாளருக்கோ முதல் வருடங்களில் நிறுத்தினால்தான் நட்டம் கூடுதல். இதை மறைத்து விற்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய பிழை. "அக்கா, இது பேங்க் புத்தகம் இல்ல. ரெண்டு வருஷத்துல நிப்பாட்டினா கட்டின சல்லி திரும்ப வராமப் போகலாம்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். கம்பனியின் விளக்கத் தாளில் காட்டப்படும் போனஸ் வெறும் எதிர்பார்ப்புத்தான். உறுதியான தொகை எது என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள, கை இறுக்கமான குடும்பத்துக்கு மரணத்துக்கு மட்டும் பணம் தரும் காப்புறுதி பெரும்பாலும் பொருத்தமானது: குறைந்த கட்டுப்பணத்தில் பெரிய தொகை கிடைக்கும், காலம் முடிந்ததும் ஒன்றும் திரும்பி வராது.

விபத்துக் காப்புறுதியில் 'விபத்து' என்பதன் வரைவிலக்கணத்தை வாசிக்காமல் மலைக்குள் போகாதீர்கள். குளவி கொட்டு, பாம்புக்கடி, கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) வெட்டு, மண்சரிவு ஆகிய நான்கையும் கம்பனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலை நேரத்துக் காயத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடமிருந்து தொழிலாளர் நட்டஈடு பெறும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் மரண உதவி உண்டு. இவற்றைச் சொல்லிவிட்டு மிச்சத் தேவைக்கு மட்டும் விற்பவரைத்தான் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மறுபடி உள்ளே கூப்பிடுவார்கள். முச்சக்கர வண்டிக்காரர்களிடம் இன்னொரு விஷயம்: சட்டப்படி எடுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஓட்டுநரின் சொந்தக் காயத்துக்குப் பணம் தராது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பதால் நோய்க்காலத்தில் நாட்சம்பளம் போவதே பெரிய அடி. ஆகவே தனியார் ஆஸ்பத்திரி பில்லைத் தரும் திட்டத்தைவிட, அரசாங்க வார்டில் படுத்தாலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் திட்டம் பயன்படும். எத்தனை மணி நேரம் தங்க வேண்டும், எத்தனையாம் நாளிலிருந்து பணம், காத்திருப்புக் காலம் எவ்வளவு, தோட்ட டிஸ்பென்சரி கணக்கில் வருமா என்று பாருங்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்டை (நோய் விபர அட்டையை) வாங்கி, பெயர் சரியா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

காப்புறுதி நட்டஈடு தடைப்படுவது பெரும்பாலும் பெயரால்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னோர் எழுத்து, செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) வீட்டுப் பெயர். திருமணம் பதியப்படாமலும் இருக்கும். படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். பின்னுரித்தாளரின் (இறப்புக்குப் பிறகு பணம் பெற நியமிக்கப்பட்டவரின்) அடையாள அட்டையையும் பார்த்து எழுதுங்கள், வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகத் திருத்தும் வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். இறப்புக்குப் பிறகு அந்த அலைச்சல் விதவையின் தலையில் விழும்.

படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, கேள்வி கேள்வியாக வாசியுங்கள். சீனி வருத்தம், பிரஷர், குடி, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எல்லாம் எழுதப்பட வேண்டும். "இதைப் போட்டால் கட்டுப்பணம் கூடும், விடுங்கள்" என்று நீங்கள் சொன்னால், மரணத்தின் பின் கம்பனி கிளினிக் புத்தகத்தைக் கேட்கும்போது அந்தக் குடும்பம் காப்புறுதிப் பணத்தை இழக்கலாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவே கூடாது. வாசிக்கத் தெரியாதவர் என்றால் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை.

காசைக் கையில் வாங்கினால் அந்த இடத்திலேயே கம்பனி ரசீது கொடுங்கள், துண்டுத் தாள் உதவாது. முடிந்தவரை வங்கியில் நேரே கட்டப் பழக்குங்கள். கட்டுப்பண நாளைச் சம்பள நாளுக்கு அடுத்து வரும்படி அமைத்தால் காப்புறுதி காலாவதியாவது குறையும். காப்புறுதிப் பத்திரம் வந்ததும் நீங்களே கொண்டுபோய், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும் வரியைக் காட்டுங்கள். நட்டஈடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கம்பனியிடம் முறையிட்டும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவரிடம்) போகலாம், அதற்குக் கட்டணமில்லை. அந்த விலாசத்தைப் பத்திரத்தின் உறையில் உங்கள் தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே எழுதிக் கொடுங்கள்.