விக்கிப்பீடியா கட்டுரைல ஸ்கூல் புக் வரி அப்படியே கிடந்தா என்ன பண்றது?

தமிழ் விக்கிப்பீடியால அறிவியல் கட்டுரை படிச்சுட்டே வர்றப்ப நடுவுல "படம் 5.3-ல் காட்டியுள்ளவாறு"ன்னு வரும், பார்த்தா படமே இருக்காது. யாரோ ஸ்கூல் புக்க அப்படியே இறக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

உடனே அழிச்சுறாதீங்க. முதல்ல கட்டுரையோட 'வரலாறு' பக்கம் (யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு காட்டுறது) போய் அந்தப் பத்தி எந்த தேதி வந்துச்சுன்னு பாருங்க, புக் அதுக்கப்புறம் அச்சானதுன்னா விக்கில இருந்துதான் புக்குக்கு போயிருக்கும், அதுவும் நடக்குறதுதான். அடுத்து ஒரு நீள வரிய மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க. ஒண்ணும் சிக்கலன்னாலும் நம்பாதீங்க, பழைய ஃபாண்ட்ல அடிச்ச பிடிஎஃப்ல காப்பி பண்ணா ஜிலேபி பிழிஞ்ச மாதிரிதான் வரும், அது தேடல்ல மாட்டாது, புக்க பக்கத்துல வச்சு கண்ணாலதான் ஒப்பிடணும்.

"ஃப்ரீயா டவுன்லோட் ஆகுதே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பாங்க. விக்கில போட்டத யார் வேணா எடுத்து விக்கக்கூட செய்யலாம், அந்த உரிமைய புக் நமக்கு குடுக்கல. 1957 காப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கே 60 வருஷம் உரிமை இருக்கு.

இப்ப மாத்தி எழுதுறது. இங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க (நானும்தான்). பாடநூல் பாணில ஒரு வரி: "திரவம் தன் கொதிநிலைக்குக் குறைவான வெப்பநிலையில் வாயுவாக மாறும் நிகழ்வு ஆவியாதல் எனப்படும்." இதுல 'நிகழ்வு'க்கு பதில் 'செயல்'னு போட்டா அதுவும் காப்பிதான். புக்க மூடி வச்சுட்டு விஷயத்த யோசிங்க: "கொதிக்காமலேயே திரவம் வாயுவாவது ஆவியாதல். மேற்பரப்பில் வேகம் கூடிய மூலக்கூறுகள் தப்பிவிடுவதால் மிஞ்சிய திரவம் குளிர்கிறது." தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்ல, ஓமின் விதி சூத்திரத்த தாராளமா எழுதலாம். சொன்ன விதம்தான் அவங்களோடது. மாத்தி எழுதினாலும் புக்க ஆதாரமா கண்டிப்பா குடுங்க.

நீங்க மாத்தினாலும் பழைய பதிப்பு வரலாத்துல அப்படியே இருக்கும், அத மறைக்க நிர்வாகியாலதான் முடியும், உரையாடல் பக்கத்துல புக் பேரு, பக்க எண் போட்டு கேளுங்க.

கடைசியா, போட்டவருக்கும் ஒரு வரி எழுதுங்க. பல தடவ அது ராத்திரி முழுக்க உக்காந்து டைப் பண்ண ஒரு டீச்சராதான் இருப்பாங்க. "நீங்க சேர்த்த பத்தி பாடநூல்ல அப்படியே இருக்கு, உங்க சொந்த நடைல எழுதித் தர முடியுமா, நானும் கூட உக்காந்து பார்க்குறேன்"னு கேளுங்க.