பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்

என் அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மூன்று ஆண்டுகளாக மாதம் தவறாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. மாலையில் இரண்டு வகை மாத்திரைகளோடு களைத்துப்போய் வீடு திரும்புவார். அதே மாத்திரைகள் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் கிடைத்துக்கொண்டிருந்தன. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனைக்கும் ஒரு பெண்மணி கையில் நோட்டோடு வாசலுக்கு வந்து, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று இரண்டு முறை விசாரித்திருக்கிறார். ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து, "ஒன்றும் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார் அம்மா.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவச் சேவையைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த வகைதான். மருத்துவம் என்றவுடன் ஒரு கட்டடம் நம் கண்முன் வருகிறது. கட்டடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல வைத்தியம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த ஏற்பாடு தொடங்குவது ஒரு மனிதரிடம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர்; ஊர்க்காரர்களுக்கு 'நர்சம்மா'. அதற்கு மேலே சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று. பிறகு வட்டார மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று ஏணி நீள்கிறது. நாம் நேரே உச்சிப்படிக்குத் தாவிவிட்டு, கூட்டம் அதிகம் என்று குறைப்படுகிறோம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் ஆகியவையும் இதில் அடக்கம். நோட்டோடு வந்தவர் இந்தத் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்பதை அப்பாவும் நானும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். வாசலில் நிற்பவரைத் துரத்துவதற்கு முன் அவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதில் கிராமத்தாரைவிட நகரத்தார்தான் கோட்டை விடுகிறார்கள். சென்னையில் ஒரே வாடகை வீட்டில் பத்து வருடம் இருந்தவர்களிடம் உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். நகர்ப்புற நலவாழ்வு மையம் என்ற பலகையைத் தினமும் கடந்து போயிருப்பார்கள்; ஏதோ யோகா வகுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

ஏணியைப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்று இதைப் புரிந்துகொண்டால் அது எதிர்த்திசைத் தவறு. நெஞ்சை அழுத்திப் பிடிக்கிறது, வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை என்றால் நர்சம்மாவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே அதைப் போட முடியும். இங்கே 108தான் சரி. 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் இந்த வண்டியை இன்னமும் பலர் நம்புவதில்லை. "அது வருவதற்குள் நாமே ஆட்டோவில் போய்விடலாம்" என்று நோயாளியை மடக்கி உட்கார வைத்துப் புறப்படுகிறார்கள். 108-இல் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, எந்த மருத்துவமனையில் என்ன வசதி உண்டு என்ற தகவலும் இருக்கிறது. ஆட்டோவில் இவை எதுவும் இல்லை. அழைத்தவர் உடனே போனை வைத்துவிட்டு உறவினர்களுக்குச் செய்தி சொல்லத் தொடங்குவது இன்னொரு கேடு. வழி கேட்டு ஓட்டுநர் கூப்பிடும்போது இணைப்பு கிடைக்காது.

108-ஐத் தவிர வேறு எண்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்தின் அளவில் சந்தேகம், எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற குழப்பம் என்றால் 104. அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிடும் தாய் சேய் நல ஊர்திக்கு 102. மனம் கனத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறவர்களுக்கும், உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மூத்த குடிமக்களுக்கு 14567. இன்னொரு எண்ணை யாரும் முன்கூட்டிச் சேமித்து வைக்க விரும்புவதில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைக் கட்டணமில்லாமல் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் அமரர் ஊர்திக்கு 155377. பிணவறை வாசலில் நின்று தனியார் வண்டிக்காரரிடம் பேரம் பேசிய குடும்பங்களுக்குத்தான் இந்த எண்ணின் அருமை தெரியும்.

காப்பீட்டு அட்டை விஷயத்தில் நடப்பது வேறு கூத்து. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதற்கு வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டை வேண்டும், ஆதார் வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். இதையெல்லாம் எப்போது செய்கிறோம்? அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, இன்னொருவர் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைகிறார். அவசரம் என்று தெரிந்தவுடன் 'நான் வாங்கித் தருகிறேன்' என்று இடைத்தரகர் ஒருவர் முளைத்துவிடுவார். அட்டைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. தனியார் மருத்துவமனையில் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் வேண்டாம். சேர்வதற்கு முன்பே அது இந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையா, இந்தச் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று அங்கிருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும்.

சாலை விபத்துக்கு அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்கூட முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே சொல்கின்றன.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. தனியார் மருத்துவரிடம்தான் பார்க்கிறோம், அரசிடம் எதற்குப் பதிய வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பேறுகாலப் பதிவு எண் இல்லாவிட்டால், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும் இடத்தில் சிக்கல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் இதில் சேர்ந்தது) கர்ப்பத்தின் பன்னிரண்டாவது வாரத்துக்குள் பதிந்திருப்பது முக்கியம். நாள் தள்ளிப்போய்ச் சில வாரங்கள் யாரிடமும் சொல்லாமல் இருப்பது நம் வீட்டு வழக்கம். கண் பட்டுவிடுமாம். நர்சம்மாவின் கண்ணில் மட்டும் பட்டுவிடலாம், நல்லதுதான். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் இரண்டு ஊர் செவிலியரிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவர் அவர் பார்ப்பார் என்றும், மற்றவர் இவர் பார்ப்பார் என்றும் இருந்துவிடுவார்கள்.

பாம்புக்கடி, நாய்க்கடி இரண்டிலும் கைவைத்தியம்தான் எதிரி. பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாய் கடித்த இடத்தில் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். தோலில் போடும் முறையில் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். ஊருக்குப் போயிருந்தால் சீட்டைக் கொண்டுபோய் அங்கே கேளுங்கள்.

சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. எத்தனையோ முகாம்களில் இரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் காகிதம் மளிகை ரசீதுகளோடு எங்கோ போய்விடுகிறது. அடுத்த முகாமில் மறுபடி முதலிலிருந்து. ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாச் சீட்டுகளையும் தேதிவாரியாகப் போட்டு வைத்தாலே மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்று வயதாகியும் பேசாத குழந்தையைப் பார்த்து "இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். சொல்லட்டும். ஆனால் மாவட்டந்தோறும் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, காது சோதனை, கண் சோதனை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமோ நர்சம்மாவிடமோ சொன்னால் அனுப்பிவைப்பார்கள். இதில் போன வருடங்கள் திரும்பி வருவதில்லை.

காசநோயை மறைப்பதும் இதே கதைதான். தனியார் மருத்துவரிடம் காட்டினாலும் அரசுப் பதிவில் பெயர் ஏறினால் மாத்திரை இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வெட்கப்பட்டுக் கணக்கு எண் கொடுக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் ஊர் நர்சம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது? புதன்கிழமை காலையில் அங்கன்வாடிக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அது தடுப்பூசி நாள். குழந்தைகளின் அழுகை தெருமுனைக்கே கேட்கும். ஊசிப் பெட்டியோடு நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் அவர். கூட்டம் குறைந்த பிறகு உங்கள் வீட்டு விவரத்தைச் சொல்லி, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அப்பாவின் போனில் அந்த எண் 'நர்சம்மா' என்று இருக்கிறது. மாத்திரை தீர நான்கு நாள் இருக்கும்போதே அவர் கூப்பிட்டு விடுகிறார்.