சிறுநீரகத்துக்கு விலை பேச ஆள் வந்தால்

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களில், பாம்பனிலோ தொண்டியிலோ விசைப்படகு கரையில் கட்டிக்கிடக்க, வாங்கிய முன்பணத்துக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டைத்தான் தரகர் தேடி வருவார். அவர் சொல்லும் தொகையைக் காதில் வாங்குமுன், கையெழுத்திடச் சொல்லும் தாளை வாசித்துப் பாருங்கள்; நோயாளி உங்கள் உடன்பிறந்த அண்ணன் என்றோ, பணம் பெறாமல் அன்பினால் தருவதாகவோ அதில் எழுதியிருந்தால், உறுப்பு தானத்தை ஆராய்ந்து ஒப்புதல் தரும் அதிகாரிகளின் முன் பொய் சொல்லப்போகிறவர் நீங்கள்தான், தரகர் அல்லர். 2011இல் திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பவர், வாங்குபவர், தரகர் மூவருக்கும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது (கடனாளியையும் அவரை வைத்துச் சம்பாதிப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை). கடன் தீரும் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு: 2002இல் வெளியான சென்னை ஆய்வில், சிறுநீரகம் விற்ற 305 பேரில் பெரும்பாலோர் கடனுக்காகவே விற்றிருந்தனர், பின்னர் அவர்களது குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வலை இழுக்கும்போது முறுகும் விலாப்பக்கத்தில்தான் அந்தத் தழும்பு விழும். நோயாளி உங்கள் வீட்டிலேயே இருந்தால், உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாக, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அதற்குத் தரகர் தேவையில்லை.