பின்னால் வந்தும் கடிக்காத மஸ்கி: மினியாபொலிஸ் வட்டார ஏரிகளில் இலையுதிர்கால மீன்பிடி அனுபவம்

மினடோங்கா, வொயிட் பேர் மாதிரியான நகரை ஒட்டிய ஏரிகளில் மஸ்கி (கூரிய பல் கொண்ட பெரிய வேட்டை மீன்) கோடை முழுக்க லூர்களை, அதாவது செயற்கை இரைகளை, பார்த்துப் பழகியிருக்கும். படகு வரை பின்தொடர்ந்து வரும், கடிக்காமல் திரும்பிவிடும். இதற்கு எனக்குப் பலன் கொடுத்தது முதலில் எட்டுப் போடும் முறையை, அதாவது லூரைப் படகருகே நீருக்குள் 8 வடிவில் சுற்றுவதை, மாற்றியதுதான்.

லீடருக்கு (லூருக்கு முன்னால் கட்டும், பல்லைத் தாங்கும் தடித்த இழை) மேல் ஒரு அடி லைன் மட்டும் விட்டு, ராடு நுனியை நீருக்குள் ஆழமாக இறக்கி எட்டு வரைய வேண்டும். வளைவு குறுகலாக இருந்தால் நாலடி மீனால் திரும்ப முடியாது, விட்டுவிடும். அதனால் வளைவை அகலமாக்குங்கள். குளிர்ந்த நீரில் மெதுவாக, நாலைந்து சுற்றாவது போடுங்கள். மீன் கண்ணில் படாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இது கட்டாயம்.

அடுத்தது இடம். அழுகிப் பழுத்த களையை விட்டுவிட்டு, பச்சையாக நிற்கும் நீர்க்களை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பைத் தேடுங்கள். நீர் 50 பாரன்ஹீட்டை நெருங்கியதும் 10 அங்குல ரப்பர் லூரை இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி ஓட்டலாம். அது மூழ்கும்போதுதான் பெரும்பாலும் கடி விழும், லைன் தொய்ந்திருந்தால் தெரியாது. 80 பவுண்டு பிரெய்டும் (பின்னிய லைன்) 130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடரும் போதும். லீடர் மெலிந்தால் பல் அறுத்துவிடும்.

படகு நெரிசலைத் தவிர்க்க வார நாள் மாலையே நல்லது. ஹூக்கை வெட்டும் கட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மீனை வலையோடு நீரிலேயே வைத்து விடுவியுங்கள்.