மீட்டரைப் பார்த்து மிதிக்காதீர்கள்: குளிர்காலத்திலும் இளவேனிலிலும் சைக்கிளில் செய்யும் தவறுகள்

சைக்கிளோடு வாசலில் நிற்கும்போதே உடம்பு கதகதப்பாக இருந்தால், அன்றைக்கு நீங்கள் தவறாக உடுத்தியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் ஓட்டத் தொடங்கும் யாரும் தப்பாத தவறு இது. நான் இரண்டு குளிர்காலம் முழுக்கச் செய்தேன். உள்ளே பருத்தி பனியன், மேலே தடித்த ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றே புகாத ஜாக்கெட். முதல் ஐந்து கிலோமீட்டர் சுகமோ சுகம். பத்தாவது கிலோமீட்டரில் முதுகு நனைந்திருக்கும். பிறகு ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், பிழியாத ஈரத்துணியைப் போர்த்திவிட்ட மாதிரி பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. பெடலில் 150 வாட் கொடுப்பவரின் உடம்பு கிட்டத்தட்ட 450 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போகிறோம் என்று வையுங்கள். அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி வேண்டும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ மெல்லிய பனியன், அதன்மேல் ஒரு முழுக்கைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மார்பில் காற்றைத் தடுத்து முதுகில் காற்றை விடும் ஒரு மேலுறை. பருத்தி வேண்டவே வேண்டாம். அது வியர்வையைக் குடிக்கும், ஆனால் விடாது. புறப்பட்ட முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிரட்டும். கணக்குச் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு பக்கம், போனில் தெரியும் வெப்பநிலையை அப்படியே நம்பிப் போகிறவர்களும் உண்டு. போன் சொல்வது காற்றில்லாமல் நிற்பவனுடைய குளிர். நாம் போகிற வேகமே நமக்குக் காற்று. 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது 0 டிகிரி. வெளியே 0 என்றால் மைனஸ் 6, 7 போல இருக்கும். விரல், காது, முழங்கால் மூன்றும் இதை முதலில் சொல்லும்.

கால் குளிர்கிறதே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு, அதே ஷூவுக்குள் காலைத் திணிப்பது அடுத்த தவறு. ஷூ இறுகினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத காலை எத்தனை சாக்ஸ் போட்டாலும் சூடாக்க முடியாது. ஒரே கம்பளி சாக்ஸ், ஷூவுக்கு மேலே காற்றைத் தடுக்கும் உறை. விரல்களை ஷூவுக்குள் அசைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் உறைவது

குளிரில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஏற்றம் அல்ல, அதை அடுத்து வரும் இறக்கம். ஏறும்போது வேகம் குறைவு, உழைப்பு அதிகம், வியர்வை கொட்டும். உச்சியில் எல்லாம் தலைகீழாகிவிடும்: உழைப்பு நின்றுபோகும், வேகம் நாலு மடங்காகும், உடம்பு முழுக்க ஈரம்.

ஒரு முறை இப்படி இறங்கும்போது, பாதி வழியில் என் விரல்கள் பிரேக் லீவரின் மேல் இருக்கின்றனவா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணால் குனிந்து பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பார்த்த அந்த நொடியில் ஒரு வளைவு வந்துவிட்டது. எப்படியோ நிறுத்தி, கிளவுஸைக் கழற்றி, கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு பத்து நிமிடம் சாலையோரம் நின்றேன். உணர்வு திரும்பும்போது விரல் நுனியில் ஊசி குத்துவது போல வலிக்குமே, அந்த வலி அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

தொழில்முறை வீரர்களுக்கும் இதே கதிதான். 1988 ஜூன் 5 அன்று, ஜிரோ டி இத்தாலியா என்ற இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயத்தில், காவியா மலைக் கணவாயில் பனி கொட்டியது. டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு உச்சியை முதல் ஆளாகக் கடந்தார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டவர், முடிவுக் கோட்டுக்கு வந்தபோது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். உலர்ந்த உடையை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்த ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்றைக்குத் தலைமை இடத்தைப் பிடித்து, அந்த ஜிரோவையே வென்றார். ஏறும்போது ஜிப்பைத் திறந்துவிடுங்கள். உச்சியில் ஒரு நிமிடம் நின்று, பாக்கெட்டில் மடித்து வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஜாக்கெட் இல்லையா, பழைய செய்தித்தாளைச் சட்டைக்குள் மார்பில் விரித்துக்கொள்ளுங்கள். பந்தயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மீட்டர் சொல்லும் பொய்

உடை விஷயம் இரண்டு மூன்று நாள் நடுங்கினால் தானே படிந்துவிடும். படியாதது ஹேண்டிலில் மாட்டிய வேக மீட்டர். கோடையின் முடிவில் மணிக்கு 27 கிலோமீட்டர் காட்டிய சராசரி வேகம், அதே பாதையில் குளிர்காலத்தில் 24 காட்டும். உடனே நமக்கு ரோஷம் வந்துவிடும்: ‘இத்தனை மாசம் மிதிச்சது எங்க போச்சு?’

எங்கும் போகவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 20 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் சுமார் 7 சதவீதம் அதிகம். சமதரையில் வேகமாகப் போகும்போது நாம் போராடுவதே பெரும்பாலும் காற்றோடுதான், அந்தக் காற்று 7 சதவீதம் கனத்துவிட்டது. குளிரில் டயர் ரப்பரும் விறைத்து, உருளும்போது கூடுதல் சக்தியைத் தின்னும். மேலே படபடக்கும் ஜாக்கெட், மட்கார்டு, ஈரச் சாலை, வளைவுக்கு வளைவு எச்சரிக்கை. இத்தனையும் சேர்ந்து தின்றதுதான் அந்த மூன்று கிலோமீட்டர்.

அதை மீட்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் மூச்சிரைக்க மிதிப்பதுதான் குளிர்காலத்தின் பெரிய தவறு என்பேன். உண்மையிலேயே கடினமான பயிற்சியும் அமையாது, உண்மையிலேயே எளிதான பயிற்சியும் அமையாது. எல்லா நாளும் நடுத்தரமான களைப்பு. குளிர்காலம் முடியும் நேரத்தில் கால் கனத்து, தூக்கம் கெட்டு, சளி பிடித்துப் படுத்துக்கொள்வோம். வாரத்தின் பெரும்பாலான ரைடுகளை, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஓட்டுங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது எளிய ரைடு அல்ல. மீட்டரில் வேகம் காட்டும் பக்கத்தையே மறைத்துவிட்டு, எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் நிம்மதி. நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் வாரம் கை அரிக்கத்தான் செய்யும்.

குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு தவறு காத்திருக்கிறது: மின்விசிறி இல்லாமல் ஓட்டுவது. வெளியே நம் சூட்டை அள்ளிக்கொண்டு போகிற காற்று, அறைக்குள் வராது. அரை மணியில் தரையில் வியர்வைக் குட்டை, வேகம் மாறாமலே இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ‘இன்னைக்கு ஃபிட்னஸே இல்ல’ என்று நொந்துகொள்வோம். தேவைப்பட்டது ஒரு விசிறிதான். சொட்டும் வியர்வை நேராக ஹேண்டில்பாரை இறுக்கும் போல்ட்டுகளில் விழும். உப்புத் தண்ணீர். ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு என் சைக்கிளில் அந்த போல்ட்டின் தலை துருவேறி, ஆலன் கீ உள்ளே வழுக்கிக்கொண்டு சுற்றியது. இப்போது ஹேண்டிலின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

சாலை

டயரில் காற்று. 20 டிகிரி அறையில் 80 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு 0 டிகிரியில் வெளியே போனால், துளி காற்று கசியாமலே அழுத்தம் 73, 74க்கு இறங்கிவிடும். அது ஒன்றும் கெட்டதில்லை. ஈரச் சாலையில் சற்றுக் குறைந்த அழுத்தம்தான் நல்ல பிடிப்பு. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பம்பைத் தொடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். ஏற்கெனவே கசிந்து குறைந்ததோடு இதுவும் சேரும்போது, ஒரு குழியில் டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி. நடுங்கும் விரலோடு டியூப் மாற்றியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளமான கால் மணி நேரம் என்று.

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்காது. பாலத்துக்கு அடியிலும் குளிர்ந்த காற்று போவதால், மற்ற சாலைக்கு முன்பே பாலம் உறையும். மரநிழல் விழும் வளைவில் மதியம் வரை உருகாமல் கிடக்கும். தெரியாமல் அதன்மேல் ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். நேராக உருண்டு போகட்டும். நனைந்த இலை, வெள்ளைக் கோடு, இரும்பு மூடி எல்லாவற்றுக்கும் இதே மரியாதை.

பலர் யோசிக்காத ஒன்று, தாழ்ந்த சூரியன். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுகிறதா? எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் சூரியன் அடிக்கிறது, அவருக்கு நீங்கள் தெரியவில்லை. உங்கள் கண்ணே கூசுகிறதா? பின்னால் வருபவருக்கும் கூசுகிறது. பட்டப்பகலிலும் முன்விளக்கையும் பின்விளக்கையும் எரியவிடுங்கள்.

தாகம் எடுக்கவில்லை என்று பாட்டிலைத் தொடாமல் திரும்புவதும் தவறுதான். குளிரில் தாக உணர்வு மங்கும், சிறுநீர் கூடும், வியர்வை மட்டும் நிற்காது.

பின்பனியின் ஏமாற்று

குளிருக்கும் இளவேனிலுக்கும் நடுவில் கிடக்கும் நாட்களுக்கென்றே தமிழில் பின்பனி என்று ஒரு சொல் இருக்கிறது. அதிக ஆட்களைப் படுக்க வைக்கும் பருவம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடிக்கும். கையுறையை வீசிவிட்டு, அரைக்கால் டவுசரோடு கிளம்பிவிடுவோம். திரும்பும்போது வெயில் சாய்ந்து, காற்று திரும்பி, உடம்பு நடுங்கும். 1980 ஏப்ரல் 20 அன்று பெல்ஜியத்தின் லீஜ்–பாஸ்டோன்–லீஜ் சைக்கிள் பந்தயத்தில் பனி கொட்டியது. புறப்பட்ட 174 பேரில் முடித்தவர்கள் 21 பேர். வென்ற பெர்னார் இனோவின் விரல்களில் அன்றைய குளிரின் பாதிப்பு பின்னாளிலும் நீடித்தது. ஏப்ரலுக்கு இருபது நாள் ஆன பிறகு, உலகின் தலைசிறந்த வீரருக்கு. கழற்றிப் பாக்கெட்டில் வைக்கக்கூடிய, சட்டைக் கை மாதிரி மாட்டும் உறையும் முழங்கால் உறையும் இந்த மாதங்களுக்கென்றே பிறந்தவை.

பருவத்தைவிட மோசமாக ஏமாற்றுவது நம் சொந்த உற்சாகம். குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தலா ஒரு மணி நேரம் ஓட்டியவர் முதல் நல்ல வெயிலில் 100 கிலோமீட்டர் போவார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழையபடி ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும்; தசைநாண்கள் அத்தனை சீக்கிரம் வழிக்கு வராது. மூச்சு ‘போகலாம்’ என்னும், முழங்கால் ‘வேண்டாம்’ என்னும். கேட்பது மூச்சின் சத்தம்தான், முழங்கால் மறுநாள்தான் வாயைத் திறக்கும்.

நான் இதிலும் ஒரு படி மேலே போனவன். புது ஷூ, ஷூவைப் பெடலில் பூட்டும் புது கிளீட், சீட்டையும் ‘கொஞ்சம்’ உயர்த்திக்கொண்டு, அதே ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டர். எழுபதாவது கிலோமீட்டரில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு கூர்மையான குத்தல். இழுத்துப் பிடித்து முடித்தேன். அதன் விலை, மூன்று வாரம் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினேன். அதைவிட எரிச்சல், காரணம் ஷூவா, கிளீட்டா, சீட்டா, தூரமா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சீட்டை உயர்த்துவதானால் இரண்டு மூன்று மில்லிமீட்டர், பிறகு ஒரு வாரம். உயர்த்துவதற்கு முன் பழைய அளவில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள், திரும்பி வர வழி தெரிய வேண்டும்.

இளவேனிலில் வெயிலைப் பார்த்துச் சாலையை நம்பிவிடுகிறோம். விரிசலில் இறங்கிய தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருமன் கூடி, தாரை உள்ளிருந்து பிளக்கும். குளிர் விட்டதும் அந்த இடம் குழியாகத் திறந்துகொள்ளும். பனிக்காகத் தூவிய மணலும் பொடிக்கல்லும் காற்றடித்து வளைவின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், சரியாக நாம் சாய்கிற இடத்தில். போன வருடம் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிய வளைவு இப்போது வேறு வளைவு. முதல் இரண்டு மூன்று ரைடுகளை நோட்டம் பார்க்கவே வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம்.

கடைசியாகச் சைக்கிள். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு செயினை இரவோடு இரவாகத் துருவாக்கும். வந்ததும் தண்ணீர் ஊற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் எடுத்துவிட வேண்டும். குளித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனால், அது அடுத்த ஞாயிறுதான். அப்படி ஒரு குளிர்காலத்தைக் கடந்து வந்த செயினை, இளவேனிலின் முதல் நீண்ட ரைடுக்கு முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணி, இருபத்துநாலாவது பின்னின் நடு வரை மிகச் சரியாக 12 அங்குலம். அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது பின்சக்கரத்துப் பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும், அந்தப் பல்செட் செயினைவிட விலை கூடியது. பிரேக் கட்டையையும் அப்படியே குனிந்து பார்த்துவிடுங்கள்; மணல் கலந்த தண்ணீர் அதையும் அரைத்திருக்கும்.